பள்ளி வாசலில் ஒரு வெண்கலக் குழந்தை

பிறக்காத பிள்ளைகளுக்காக இவ்வளவு கவலைப்பட்ட குழு உலக சரித்திரத்திலேயே கிடையாது. திருச்சபையின் 'வருங்காலத் தலைமுறை நலக் குழு' ஆறு முறை கூடிக் கலைந்து, ஏழாம் முறை டீ ஆறுவதற்குள் தீர்மானம் போட்டுவிட்டது: சபைப் பள்ளியின் வாசலில் வருங்காலத்தின் சின்னமாக ஒரு வெண்கலக் குழந்தை.

வார்க்க வந்த வார்ப்புக்காரர் அதிகம் படிக்காதவர். அதனால் அவருக்குச் சந்தேகம் வந்தது. விக்கிரகம் செய்யாதே என்பதுதானே கட்டளை? பாதிரியார் பொறுமையாக விளக்கினார். வேதத்தில், பாலைவனத்தில் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டவர்கள் அதன் முன்னால் ஆடினார்கள், தப்பு அங்கேதான். அந்தப் பாவத்தில் ஒரு துளி எல்லாத் தலைமுறையின் தண்டனையிலும் கலந்திருக்கிறது என்று பழைய யூத குருமார் சொல்வார்களாம். இந்தக் குழுவிலோ ஆடக்கூடியவர் ஒருவருமில்லை. பாதிப் பேருக்கு மூட்டுவலி.

உலோகத்தில்தான் இடித்தது. அன்று கன்றுக்குட்டிக்காகப் பெண்கள் கம்மலைக் கழற்றிக் கொடுத்தார்கள். இந்தச் சபைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குழுச் செயலாளரின் பார்வை, பள்ளியின் வடிகட்டித் தொட்டியிலிருந்து வகுப்புகளுக்குப் போகும் செம்புக் குழாயில் போய் நின்றது. வார்ப்புக்காரர் குறுக்கிட்டார்.

"ஐயா, அந்தக் குழாய்லதான் எம்பொண்ணு தண்ணி குடிக்குது."

"உம்பொண்ணு இந்தத் தலைமுறைப்பா. நாங்க யோசிக்கிறது அடுத்ததுக்கு."

வார்ப்புக்காரருக்கு அது கையில் வேலை இல்லாத காலம். குழாயைத் தானே அறுத்து, தானே உருக்கினார். குழந்தை புஷ்டியாக வந்தது.

பிள்ளைகள் பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஓடும் ஓடையில் குடித்தார்கள். மூன்றாம் வகுப்பில் பதினோரு பேர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். அவர்களில் ஒருத்தியாக வார்ப்புக்காரரின் மகளும் கையில் ஊசியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பதினோரு பேர் வரமாட்டார்கள் என்பதால், திறப்பு விழாவில் 'இடநெருக்கடி தவிர்க்கப்பட்டது' என்று குழு முன்கூட்டியே திருப்தியோடு பதிவு செய்தது.

நன்கொடையாளர் பலகையையும் வார்ப்புக்காரரே பொறிக்க வேண்டும் என்றார்கள். பொறித்தார்.

விழாவன்று திரை விலகியது. செயலாளர் தன் பெயரைத் தேடினார். 'நன்கொடையாளர்கள்' என்பதன் கீழே பதினோரு பெயர்கள்.

"யாருப்பா இவங்கல்லாம்?"

"செம்பு குடுத்தவங்கய்யா. மூணாம் வகுப்பு."

"அப்ப எங்க பேரு?"

"கீழ இருக்கு பாருங்க."

இருந்தது. 'பிடுங்கியவர்கள்' என்ற தலைப்பில் குழுவினர் ஏழு பேரும், ஓர் எழுத்துப் பிழையின்றி. எட்டாவதாக, மற்றவற்றைவிட ஆழமாக வெட்டி, வார்ப்புக்காரரின் பெயர்.