ஒற்றை ஆளுக்கு வீடு கிடையாது

அலெக்ஸாந்திரியா,
வியாழக்கிழமை.

மேன்மை தங்கிய மைத்துனர் ஹாஜி பஸ்யூனி அவர்கள் சமூகத்திற்கு, நீதிமன்றத் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ரிஃபாத் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது.

தமன்ஹூரில் தங்கள் முழங்கால் வலி குறையவும், தங்கள் மாவுக்கடை செழிக்கவும், மாடியில் வளரும் வாத்துகள் பெருகவும் ஐந்து வேளையும் துஆச் செய்துவருகிறேன். என் நலத்தைத் தாங்கள் கேட்கப்போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: சுமார். தொலைபேசியில் என் குரல் கேட்டதும் தாங்கள் "தப்பான நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். இத்தனை வருஷத்துச் சம்பந்தம் ஒரே நாளில் தப்பான நம்பராகிவிட்டது. ஆகவே தமன்ஹூருக்கு வேன் ஓட்டும் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாயிருந்தால் படித்துவிட்டுக் கிழிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் சகோதரி நான்கு மாதத்துக்கு முன் கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தை அவர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். என் தரப்பும் பதிவாக வேண்டும் அல்லவா? கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் என் அக்கா தவ்ஹீதாவின் வீட்டில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அக்கா நல்லவள். ஆனால் வீடு அவளுடையது, அடுப்பு அவளுடையது, ஜன்னலை எப்போது சாத்துவது என்கிற தீர்ப்பும் அவளுடையது. அன்று விருந்தாளிகள் முன்னால், தங்கள் சகோதரி சமைத்து வைத்த முலூகிய்யாக் கீரையில், ருசிகூடப் பார்க்காமல் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள் அக்கா. நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஒன்றும் பேசவில்லை என்பது என் மேல் உள்ள குற்றச்சாட்டு. வாய் நிறையச் சோறு இருக்கும்போது எந்த மனிதன் நியாயம் பேச முடியும்? அதை விழுங்குவதற்குள் தங்கள் சகோதரி கையைக் கழுவி, பையை எடுத்து, வாசலுக்குப் போய்விட்டார். "என் கையால பூட்டித் தெறக்கிற வீடு ஒண்ணு இருந்தா வந்து கூப்பிடுங்க. இல்லேன்னா அந்த வாயைத் தெறக்கவே வேணாம்" என்பது அவர் கடைசியாகச் சொன்னது.

அன்றிலிருந்து காலையில் தேநீரை இரண்டு கிளாஸில் ஊற்றிவிடுகிறேன். ஒன்றைக் குடித்துவிட்டு, மற்றது ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரைக்குப் பிடித்த கேடு என்கிறாள் அக்கா. கட்டிலில் எனக்கு இப்போது தாராளமாக இடமிருக்கிறது, தூக்கம்தான் இல்லை. (மேற்கண்ட வரிகள் நீக்கப்பட்டதாகக் கருதவும்.)

ஆகவே வீடு தேடினேன். என் ஓய்வுப் பணத்துக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு குளியலறைகூடக் கிடைக்காது என்று தெரிந்தது. புரோக்கர் ஒருவர் என்னைக் கர்மூஸில் மின்ஷார் சந்து என்கிற இடத்துக்கு அழைத்துப்போனார். பெயரைக் கேட்டதும் டாக்ஸிக்காரர் எங்களை முனையிலேயே இறக்கிவிட்டு, "உள்ள வரமாட்டேன் சார், எனக்குப் புள்ளைங்க இருக்கு" என்று திருப்பிக்கொண்டு போய்விட்டார். புரோக்கர் கொஞ்சமும் அசரவில்லை. "ரொம்ப அமைதியான எடம் சார். எல்லாம் குடும்பஸ்தங்க" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் காபிக்கடைக்குள்ளிருந்து ஒரு நாற்காலி பறந்து வந்து எங்களுக்கு முன்னால் விழுந்தது. "கல்யாண வீடு சார்" என்றார். பட்டப்பகலில் என்ன கல்யாணம் என்று கேட்டேன். "கல்யாணம் ராத்திரிக்கு. பசங்க இப்பவே பழகிப் பாக்குறானுங்க" என்றார். நான் அந்த நாற்காலியைச் சுற்றிப் போகலாமா, திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் என் கையிலிருந்த செல்போனைப் பறித்துக்கொண்டு, போகிற போக்கில் "தேங்ஸ்ணே" என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

போன் போன துக்கத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். படிக்கட்டில் கைப்பிடி கிடையாது. பாதி வழியில் ஒரு ஆடு கட்டியிருந்தது. மேற்படி வீட்டில் முன்னறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, குழாயைத் திறந்தால் முதலில் இருமுகிறது, பிறகுதான் தண்ணீர் வருகிறது. ஆனால் மைத்துனரே, அடுப்படி. அக்கா வீட்டு அடுப்படியில் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். இதில் நான் ஒரு ஓரமாகப் போய் நின்று பார்த்தேன், பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடமிருந்தது. நான் வெங்காயம் உரித்துக் கொடுக்கலாம். குறை சொல்லிக்கொண்டே அவர் அதை வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது, "என்ன சார், மயக்கமா?" என்று புரோக்கர் தோளைத் தொட்டார். (இந்த வரிகளும் நீக்கப்பட்டதாகக் கருதவும்.)

கீழே இறங்கினால் என் போனைப் பறித்தவன் வாசலில் நிற்கிறான். பெயர் ஹமாதா; ஆணி ஹமாதா என்றால்தான் அந்தப் பக்கம் தெரியுமாம். எதனால் அந்தப் பெயர் என்று நான் விசாரிக்கவில்லை. போனை என் கையில் வைத்து, "மன்னிச்சுக்கண்ணே. நம்ம கட்டடத்துக்கு வீடு பாக்க வந்த ஆளுன்னு தெரியாமப் போச்சு. சொந்தத் தெருவுல நாங்க கை வைக்கிறதில்ல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அக்கா போன் பண்ணுச்சுண்ணே. யாருன்னு கேட்டுச்சு. திருடன்னு உண்மையைத்தான் சொன்னேன். 'திருடனுக்கு என்னடா இவ்வளவு மெதுவாப் பேச்சு, சத்தமாப் பேசு'ன்னு ஆரம்பிச்சு, என் வேலையில இருக்கிற குத்தங்குறையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லுச்சு. ஜெயில்லகூட நான் இப்படி வாங்கிக் கட்டிக்கிட்டதில்ல. அந்த வீட்டுலயாண்ணே இருக்கீங்க?" என்று ஆதரவாக என் முதுகைத் தடவிக் கொடுத்தான். அவன் போனதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பேனா இருந்தது.

அன்றோடு தலை முழுகியிருக்க வேண்டியவன், அக்கம்பக்கம் எப்படி என்று ஆராய்வதற்காக மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டு குடும்பங்கள் உருட்டுக்கட்டைகளோடு மோதிக்கொண்டன. என் தேநீர் என் கால்சட்டை மேல். ஓடத் தோன்றவில்லை, பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து, பக்கத்தில் கட்டையோடு நின்றவனிடம் "பேரு? தகப்பன் பேரு? சம்பவ இடத்துக்கு எப்ப வந்தே?" என்று கேட்டுவிட்டேன். அவன் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னான். எதிர்த் தரப்பு, "அவனுது மட்டும் எழுதுறீங்க, எங்களுதையும் எழுதுங்க சார்" என்று சண்டைக்கு வந்தது. சாயங்காலம் வரை வாக்குமூலம் எழுதினேன். எழுதி முடித்தபோது யாருக்கும் அடிக்கிற உத்தேசம் இல்லை, எனக்குத்தான் விரல் மடங்கவில்லை.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். வீட்டுச் சொந்தக்காரி மகளோடு இருக்க சூயஸுக்குப் போய்விட்டாள். வீட்டை யாருக்கு விற்பது என்கிற முடிவைத் தரைத்தளத்தில் மீன் பொரித்து விற்கும் உம்மு கமீஸ் என்கிற அம்மாளிடம் விட்டுப் போயிருக்கிறாள். இந்த அம்மாள் அகப்பையை ஓங்கினால் ஆணி ஹமாதாவே இரண்டடி பின்னால் போகிறான். அவர் முன்னால் போய் நின்று, இந்தச் சந்து எனக்குத் தோதுப்படுமா என்று இன்னும் யோசித்துவருவதாகக் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். அவர் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "பொண்டாட்டி எங்க?" என்றார்.

நம்மில் அந்நியரிடம் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசுகிற வழக்கம் இல்லையே. "வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன்.

"எப்ப வரும்?"

"வீடு அமைஞ்சதும்."

"போயி எத்தனை நாளாச்சு?"

"கொஞ்ச நாள்தான்."

"உன் சட்டைக் காலரு மாசக் கணக்குல சொல்லுது" என்றார் அந்த அம்மாள். "இந்தா பாருய்யா, இந்தக் கட்டடத்துல ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன் இருக்கான், நாளைக்குப் போகப்போறவனும் இருக்கான். எல்லாருக்கும் பொண்டாட்டி இருக்கு, எங்கடா போனேன்னு கேக்க. கேக்க ஆளில்லாத ஆம்பளைக்கு இங்க வீடு கெடையாது."

நான் ஆடிப்போய்விட்டேன், மைத்துனரே. இந்தச் சந்தை வேண்டாம் என்று சொல்ல வந்தவனை இந்தச் சந்தே வேண்டாம் என்கிறது! முப்பத்தைந்து வருஷம் நீதிமன்றத்தில் இருந்தவன் நான் என்று எடுத்துச் சொன்னேன். "நானும் பாதி நாளு அங்கதானண்ணே இருந்தேன், அதுக்குன்னு வீடா குடுப்பாங்க?" என்றான் ஹமாதா. வீடு இருந்தால்தான் தங்கள் சகோதரி வருவார், தங்கள் சகோதரி வந்தால்தான் வீடு. இப்படி ஒரு வழக்கு என் காலத்தில் வந்திருந்தால் காகிதங்களைக் கட்டி அலமாரி மேல் தூக்கிப் போட்டிருப்பேன். அந்த அம்மாள் ஒரு தட்டில் மீனும் ரொட்டியும் வைத்து, "மொதல்ல தின்னு" என்று தள்ளினார். ஒரு வாய் வைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முள் குத்திவிட்டது என்று சொன்னேன். "முள்ளெடுத்த மீனுய்யா அது" என்றார். பிறகு வேடிக்கை பார்த்தவர்களை எல்லாம் அகப்பையால் விரட்டிவிட்டு, எண்ணெய்ச் சட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்த மீனைப் போட்டார். "அவ இல்லாம முடியலக்கா" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் மீன்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். (நீக்கப்பட்டதாகக் கருதவும்.)

ஆகவே, சகல சாதக பாதகங்களையும் சீர்தூக்கிப் பார்த்ததில், திருடனும் ஆடும் உருட்டுக்கட்டையும் நிறைந்த மேற்படி சந்து, மாவுக்கடை ஹாஜியின் சகோதரி வாழத் தகுந்த இடம் அல்ல என்றும், மேற்படி வீட்டை வாங்குவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். தங்கள் சகோதரியைத் தயைகூர்ந்து தவ்ஹீதா அக்கா வீட்டுக்கே அனுப்பிவைக்கவும். உப்புச் சாடியை இனித் தொடுவதில்லை என்று அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறாள். மிளகைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்துவருகிறது.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாமும், குழந்தைகளுக்கு முத்தமும் உரித்தாகுக. அல்லாஹ் தங்கள் ஆயுளை நீட்டி, கோபத்தைக் குறைத்து, வருமானத்தில் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் தங்கள் தொலைபேசியையும் எதிர்பார்க்கும்,
ரிஃபாத்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குப் பசை கேட்டு உம்மு கமீஸ் கடைக்குப் போனது தவறாகிவிட்டது. ஹமாதா என் கையிலிருந்து இதையும் பறித்து, கடை முன்னால் ஸ்டூல் மேல் ஏறி நின்று, தெருவே கேட்கும்படி படித்துவிட்டான். ஆட்டைப் பற்றி எழுதியதில் ஆட்டுக்காரருக்கு மனவருத்தம். உம்மு கமீஸ் கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்களைப் பத்தி எழுதினது கெடக்கட்டும். அந்த அக்கா வீட்டுக்கேவா மறுபடியும் வரச் சொல்றே? அவ கேட்டதுல என்னய்யா தப்பு? நாளைக்கு நாங்க போறோம். நாங்க அவளைப் பாத்துக்குறோம், அவ எங்களைப் பாக்கட்டும். புடிச்சா வரட்டும். நீ வாயத் தெறக்காம வண்டியில வந்து உக்காரு" என்றார். எனவே மேலே எழுதியதில் ஸலாமும் துஆவும் தவிர மற்றதெல்லாம் நீக்கப்பட்டதாகவும், நான் நீக்கச் சொன்னதெல்லாம் சேர்க்கப்பட்டதாகவும் கருதவும்.

நாளை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு தங்கள் வாசலுக்கு ஒரு வேன் வரும். உருட்டுக்கட்டைக் குடும்பங்கள் இரண்டும் வருகின்றன, ஜன்னலோரம் யாருக்கு என்பதில் இப்போதே தகராறு. ஹமாதா தலைக்கு எண்ணெய் தேய்த்து, மாப்பிள்ளைக் கோட்டு இரவல் வாங்கியிருக்கிறான். கதவைத் தாழிட்டுப் பயனில்லை என்பதைத் தங்கள் நன்மைக்காகச் சொல்லிவைக்கிறேன். வாத்துகளை மட்டும் உள்ளே விட்டுப் பூட்டிக்கொள்ளவும்.

இதற்குக் கீழே இருப்பது தங்களுக்கு அல்ல. காகிதத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

சுஹைர், கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, பேச்சுதான் முரடு. வர இஷ்டமில்லை என்றால் அண்ணனிடம் சொல்லி அனுப்பாதே, நீயே வாசலுக்கு வந்து சொல். திட்டியே சொல். உன் குரலைக் கேட்டு நான்கு மாதமாகிறது.