வீட்டுக்காரர் பெயரில் ஒரு பூட்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் நாத்தனார் மகன். முழுப்பரீட்சை லீவுக்கு வந்தவன், கல்யாணம் ஆகித்தான் வீட்டை விட்டுப் போனான். இந்த ஐந்து பேரையும் காலையிலிருந்து ராத்திரி வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டே தொண்டை தேய்ந்தவள் நான். ஆனால் என் வீட்டுக்காரர் பெயரை மட்டும் ஐம்பத்தெட்டு வயது வரை வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். (குறைந்தால் நஷ்டம் யாருக்கு? எனக்குத்தானே. அதனால் நான் ரொம்பக் கண்டிப்பு.)

கண்டிப்பு என்றால் சாதாரணக் கண்டிப்பு இல்லை. அவர் பெயர் ஒரு எண்ணில் ஆரம்பிக்கும். அந்த எண்ணைக்கூட நான் சொல்ல மாட்டேன். கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு கடை. பிளம்ஸ் ஜாம், காப்பித்தூள், மிளகு, மலைப்பூண்டு. டூரிஸ்டுகள் வந்து ஜாம் கேட்டால், "அஞ்சு போதுமா, அஞ்சும் ஒண்ணும் எடுத்து வைக்கவா?" என்பேன். சென்னைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒன்று இலவசம் என்று நினைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அந்தக் கடையை என் இரண்டாவது மகள் செல்வி கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் என்று ஞாபகம். வீட்டிலிருந்தபடியே எந்த ஊர்க்காரரும் நம்ம கடையைப் பார்த்து, வேண்டியதைக் கேட்கலாம். செய்து கொடுத்தவன் ஸ்டீபன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார், தங்கமான பையன்.

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு எவனோ ஒருவன் ஒரு சினிமா நடிகர் பெயரைப் போட்டு மலைப்பூண்டு கேட்டான். விலாசம் பொய். பார்சல் சென்னை வரை போய், வழியெல்லாம் மணத்துவிட்டுத் திரும்பி வந்தது. அதைக் கொண்டு வந்த ஆள் எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை.

"இனிமே யாரு எவருன்னு தெரியாம யாரையும் உள்ள விடக் கூடாது. கடைக்குள்ள வந்ததும் ஒரு பெட்டி எந்திரிச்சு நின்னு பேரு, போன் நம்பர் கேட்கும். சொன்னாத்தான் கடை தெரியும்" என்றாள் செல்வி.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கல்லாவில் உட்கார்ந்து நான் செய்கிற வேலையும் அதுதானே! "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை" என்று கேட்காமல் நான் யாருக்காவது ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேனா?

ஸ்டீபன் அந்தப் பெட்டியைச் செய்து கொண்டுவந்து காட்டினான். மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருந்தது.

"இது என்னா தம்பி?"

"க்ளோஸ் பட்டன் ஆன்ட்டி. பேரு குடுக்க இஷ்டமில்லாதவங்க இதை அமுக்கிட்டுச் சும்மா கடையைச் சுத்திப் பாக்கலாம்."

"நல்லாருக்கே! காவலுக்கு ஒரு ஆளையும் வச்சுப்புட்டு, பக்கத்துலயே ஓட்டையும் போட்டு வைப்பியா? அதை எடு."

"கஸ்டமர் டென்ஷன் ஆவாங்க ஆன்ட்டி."

"எந்த ஊருன்னு கேட்டதுக்கு டென்ஷன் ஆகுறவங்க எனக்கு வேணாம். எடுங்கிறேன்ல."

எடுத்துவிட்டான். ஓனர் சொன்னால் ஓனர்தான்.

ஆம், ஓனர் நான்தான். அதற்கு ஒரு சாவி வேண்டும் என்றார்கள். கடையில் எதை மாற்ற வேண்டுமானாலும் அந்தச் சாவியைப் போட்டால்தான் திறக்குமாம். சாவி என்றால் ஒரு வார்த்தை, பாஸ்வேர்டு. "அது எனக்குத் தெரியவே கூடாது ஆன்ட்டி. உங்க கடை, உங்க சாவி" என்று சொல்லி ஸ்டீபன் மரியாதையாக வெளியே போய் நின்றுகொண்டான்.

"யம்மா, யாருக்குமே சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லு" என்றாள் செல்வி.

"சொல்லாத வார்த்தைய எப்பிடிடீ சொல்ல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா பேரை வச்சிருவோம். ஒன்னயக் கட்டி வச்சு ஒதச்சாலும் அது வெளிய வராது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் எழுத்தைக் காட்டக் காட்ட, ஒற்றை விரலால் நானே அடித்தேன். (எழுதலாமா என்று கேட்காதீர்கள். ரேஷன் கார்டில்கூட அவர் பெயர் எழுதித்தான் இருக்கிறது. கை செய்வதற்கு வாய் பொறுப்பில்லை.) பக்கத்துத் தைலக் கடைக்காரியிடம் போய், "களவாணி வந்தா என் கடையைத் தூக்கிட்டுப் போகலாம். சாவியைத் தூக்க முடியாது" என்று பீற்றிக்கொண்டும் வந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு கல்யாணப் பெண். சென்னையில் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கொரு பாட்டில் எங்கள் பிளம்ஸ் ஜாம் போட ஆசைப்பட்டாள். அவள் வீட்டுக்குச் சாம்பிள் அனுப்பினோம், பிடித்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஆர்டர் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கி வருவதற்குள் நான் ஜாமைக் கிண்டிவிட்டேன்.

என்ன செய்வது? பிளம்ஸ் பழுத்துக் கிடந்தது. அது அமெரிக்காவுக்காகக் காத்திருக்குமா? தெருப் பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். "ஆர்டர் வரட்டுமேக்கா" என்றார்கள். "வந்தாச்சுன்னு வச்சுக்கங்கடீ. கூலிக்கு நான் பொறுப்பு" என்றேன். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, சாமி படத்துக்கு முன்னால் என்று வீடு முழுக்க ஜாம். கல்யாணம் நின்றால்கூடப் பரவாயில்லை, ஜாம் நின்றால் நான் தெருவில் தலைகாட்ட முடியாது.

அந்த வாரம் கன்னிவாடியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. நானும் என் வீட்டுக்காரரும் போய்விட்டுத் திரும்புகிறோம். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர், "நான் போயி கொடைக்கானல் வண்டியில சீட்டுப் பிடிக்கிறேன். நீ முறுக்கு வாங்கிட்டு வெரசா வா" என்று துண்டை உதறிக்கொண்டு கூட்டத்தில் பாய்ந்தார். முறுக்குக்காரியிடம் நான் விலை பேசும்போது போன் அடித்தது. ஸ்டீபன்.

"ஆன்ட்டி, பெரிய ப்ராப்ளம். உங்க கல்யாணப் பொண்ணு மெயில் போட்டிருக்காங்க. பேரு, நம்பர் எல்லாம் குடுத்துட்டாங்களாம். ஆனா பெட்டி போக மாட்டேங்குது. திரும்பத் திரும்ப நீங்க யாரு, நீங்க யாருன்னே கேட்டுட்டு நிக்குதாம்."

"ஒருக்கா கேட்டாப் போதும்னு அதுகிட்டச் சொல்லு."

"நான் சொன்னா கேக்காது ஆன்ட்டி, பெட்டிக்குள்ள போயித்தான் சரி பண்ணணும். க்ளோஸ் பட்டன் இருந்திருந்தாலாவது மூடிட்டு உள்ள போயிருப்பாங்க."

(குத்திக் காட்டுகிறானாம்!)

"அங்க இப்ப ராத்திரி. கொஞ்ச நேரத்துல தூங்கப் போறாங்களாம். அதுக்குள்ள சரியாகலேன்னா சென்னையில ஒரு சாக்லேட் கடைக்கு ஆர்டரைக் குடுத்துருவாங்களாம். பாஸ்வேர்டைச் சொல்லுங்க ஆன்ட்டி, உடனே முடிச்சிர்றேன்."

"செல்விகிட்டக் கேளு தம்பி."

"அவங்க பேங்க் எக்ஸாம் எழுதுறாங்க. போன் ஆஃப்."

எனக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தால் அவரே சொல்லிவிடுவார். அவர் எங்கே? நாலு பக்கமும் பஸ். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு வழுக்கைத் தலை. வத்தலக்குண்டில் வழுக்கைக்கா பஞ்சம்? பஸ்ஸில் ஏறிப் பேசலாம் என்றால், மலைப்பாதையில் டவர் கிடைக்காது. எழுதி அனுப்பலாம் என்றால், அந்தப் போனில் எனக்குத் தெரிந்தது பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் மட்டும்தான்.

"தம்பி, அது... பழனியில இருக்கிற சாமி."

"முருகனா?"

"அவரேதான்!"

டக் டக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது. "தப்புன்னு வருது ஆன்ட்டி."

"சாமி அவருதான். பேரு அது இல்ல. மூஞ்சி தம்பி, மூஞ்சி! ஒண்ணு ரெண்டு இல்ல. அஞ்சும் ஒண்ணும்!"

"ஓ, சண்முகமா?"

"ஆமா, ஆமா! அதே அர்த்தந்தான்!" என்று குதித்தேன். (அர்த்தம் அதே என்றுதான் சொன்னேன். பேரும் அதே என்று சொன்னேனா?)

அதற்குள் தட்டிவிட்டான். "இதுவும் தப்பு. இன்னும் ஒரு தடவை தப்பாப் போட்டா நாளைக்கு வரைக்கும் பூட்டிக்கும்."

"அதே சாமிக்கு இன்னொரு பேரு இருக்குல்ல, அதைப் போடேன்."

"நானா எதையும் போட மாட்டேன் ஆன்ட்டி. ரெண்டு தடவை ஆமான்னீங்க, ரெண்டும் ஆமா இல்ல. இப்ப உங்க வாயால சொல்லுங்க."

ஒரு பக்கம் அவர் ஆயுசு. இன்னொரு பக்கம் ஜாம். வேறு ஒரு பெண்ணாக இருந்தால் ஆயுசு பக்கம்தான் நின்றிருப்பாள். நான் பழனி மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டேன். 'அப்பனே, இப்ப நான் சொல்லப் போறது உன் பேரு. அவரு பேரு இல்ல. மாத்திக் கணக்கு வச்சுறாத.' பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கலை ஆன்ட்டி!"

இன்னொரு முறை சொன்னேன். சரியாக அந்த நேரம் தேனி வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"சுத்தமாக் கேக்கலை! சத்தமா!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமாகச் சேர்த்து வைத்த சத்தம் மொத்தமும் வெளியே வந்தது.

"ஆறுமுகம்! ஆறுமுகம்டா! ஆறு... முகம்!"

பஸ் ஸ்டாண்டு நின்றுவிட்டது. வாழைப்பழ வண்டிக்காரர், "என்னாம்மா?" என்றார். ஆட்டுக்குட்டியைத் தோளில் வைத்திருந்த ஒருவர், "நாந்தான், என்ன சோலி?" என்று கிட்டேயே வந்துவிட்டார். தூரத்தில் ஒரு கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டு, "யாரு, என்னையவா?" என்றார். எத்தனை ஆறுமுகம் அந்த ஊரில்! என் ஆறுமுகம் மட்டும் வரவில்லை.

"ஒங்களையெல்லாம் இல்லய்யா, போங்க, போங்க" என்று நான் விரட்டும்போதே போனுக்குள் ஸ்டீபன் கத்தினான்: "தெறந்திருச்சு ஆன்ட்டி!"

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆட்டுக்குட்டிக்காரரும் போகவில்லை; என்னதான் ஆகிறது என்று பார்க்க நின்றார். முறுக்கு பொரிகிற நேரம்தான் ஆகியிருக்கும். "சரி பண்ணிட்டேன்... உள்ள வந்துட்டாங்க... ஆர்டர் போட்டுட்டாங்க ஆன்ட்டி! மொத்தமும்!" என்றான் ஸ்டீபன். நான் ஆட்டுக்குட்டியின் தலையைத் தடவிக் கொடுத்தேன். பேரம் பேசாமல் முறுக்கு வாங்கினேன். அந்தப் பஸ் ஸ்டாண்டே என் பேரில் பட்டா ஆன மாதிரி நடந்துபோய் வண்டியில் ஏறினேன்.

என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்சீட்டுக்காரரிடம் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா அநியாயத்தை? எவளோ ஒருத்தி புருசனை டா போட்டு ஏலம் விடுறா! காலம் கெட்டுக் கெடக்குங்க. அந்தப் பாவிப் பயலுக்கும் எம் பேருதான். இந்தா வர்றா பாருங்க எம் பொண்டாட்டி. இத்தனை வருசத்துல ஒரு தடவை எம் பேரு இவ வாயில வந்திருக்குமா?"

எதிர்சீட்டுக்காரர் என்னையே பார்த்தார். அவர் பக்கத்து ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நான் அவர் கையில் முறுக்கை வைத்தேன். நல்ல மனிதர், முறுக்கைக் கடித்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். வண்டி கிளம்பியது. டிக்கெட் கொடுக்க வந்தார் கண்டக்டர். விசிலை எடுத்துவிட்டு "என்னையவா" என்று கேட்டாரே, அதே கண்டக்டர்.

"என்னாக்கா, ஒங்க ஆறுமுகம் கெடைச்சாரா?"

அதற்கு மேல் வண்டிக்குள் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையோ கொண்டை ஊசி வளைவு போனது. ஜாம், பெட்டி, சாக்லேட் கடை என்று நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். குளிர்காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்த பிறகு, அவர் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"டா போடாம ஒருக்கா சொல்லேன்."

சொன்னேன். காதோரமாகத்தான்.

ஜாம் மொத்தமும் சென்னைக்குப் போனது. தெருப் பெண்களுக்குக் கூலியும் போனது. கல்யாணத்தில் அதைத் தின்றவர்கள் அடுத்த வருஷம் கடையைத் தேடி வந்தார்கள். பெட்டி இன்றும் எழுந்து நின்று யார் என்று கேட்கிறது. ஒரு தடவைதான் கேட்கும், மூலையில் பெருக்கல் குறியும் உண்டு. சாவியை அன்று சாயங்காலமே செல்வி மாற்றிவிட்டாள். பழையது வத்தலக்குண்டு முழுக்கத் தெரிந்துபோனதே! இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டால், "வத்தலக்குண்டுல போயிக் கேளு" என்கிறார்கள். மருமகன்கள்கூடச் சொல்கிறார்கள், மரியாதை கெட்டவர்கள். ஆயுசு விஷயம் என்ன ஆயிற்று என்பவர்களுக்கு: அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்றைக்கும் காலையில் இட்லிக்குச் சட்னி போதாது என்று சண்டை. நாளுக்கு ஒரு தடவையாவது நான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் காது கேட்காதவர் மாதிரி இருந்துகொள்வார்.

அவ்வளவுதான். ஏ கௌசி, இங்க வா. பாட்டி எழுதினதை ஒருக்கா மொதல்ல இருந்து வாசி கேட்போம். அந்தப் பஸ் ஸ்டாண்டு வர்ற எடத்துல மட்டும் நல்லாச் சத்தமா வாசிக்கணும். உங்க தாத்தா அங்க பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டுக் கேட்காத மாதிரியே உட்கார்ந்திருக்காரு பாரு.