எறா கேட்ட மாமனார்

தினமும் நடப்பது, காயும் பழமுமாகத் தின்பது என்று அந்த வீட்டில் முதலில் சபதம் போட்டது மண்ணாங்கட்டிதான், பச்சையம்மா இல்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவன் படப்போகும் பாட்டைப் பார்த்துவிட்டு யாரும் அந்தப் பெண்பிள்ளையைத் திட்டக் கூடாது பாருங்கள்.

மண்ணாங்கட்டி கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். ஓட்டுகிறவன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. எண்ணூர் பக்கமிருந்து துறைமுக வாசல் வரைக்கும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் அவன் லாரி நிற்கும், லாரிக்குள் அவன் உட்கார்ந்திருப்பான். முன்வண்டி நகர்ந்தால் இவனும் கொஞ்சம் நகருவான். மற்ற நேரமெல்லாம் ஸ்டீயரிங் மேல் தொப்பையைச் சாய்த்துக்கொண்டு தூக்கம்தான். கடல் காற்று முகத்தில் அடிக்க, இன்ஜின் கீழே உறும, தூரத்தில் ஏதோ கப்பல் ஊத, கண் தானாகச் சொருகும். கூடவே கனவும் வரும். எல்லாம் நல்ல கனவுகள், பெரும்பாலும் சாப்பாடு சம்பந்தப்பட்டவை.

டிரைவர்களுக்காக நடந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டரம்மா அவன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சுகர் வாசற்படியில் நிற்கிறது, இன்னும் ஒரு அடி வைத்தால் வீட்டுக்குள் வந்துவிடும் என்றாள். கூட வந்திருந்த பெண்சாதி பச்சையம்மாவைச் சோதித்ததில் அவளுக்கு பிரஷர் இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் உற்சாகப்படுத்துங்கள், தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும், தினமும் நடங்கள் என்று சொல்லி இருவரையும் அனுப்பிவைத்தாள்.

மண்ணாங்கட்டி ஷேர் ஆட்டோவிலேயே சபதம் போட்டான். நாளையிலிருந்து நான் உன்னை உசுப்பறேன், நீ என்னை உசுப்பு என்று, உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அவன் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. பச்சையம்மா எதையும் ஆரம்பிப்பாளே தவிர முடிக்க மாட்டாள். ஆசையாகத் தையல் மெஷின் வாங்கினாள், இன்றைக்கு அதன்மேல் டிவி உட்கார்ந்திருக்கிறது. ஆரி வேலை கிளாசுக்குப் போனாள், ஒரு மயிலின் கழுத்தோடு நின்றுவிட்டாள். இதையும் நாலு நாளில் விட்டுவிடுவாள், ஆரம்பித்த பெருமை நமக்கு, நிறுத்தின பழி அவளுக்கு என்பது அவன் போட்ட கணக்கு.

கணக்கு கவிழ்ந்துபோனது. எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், பால் பாக்கெட் வருவதற்கு முன்பே பச்சையம்மா எழுந்துவிட்டாள். அவன் போர்வையை மடித்து வைத்துவிட்டாள், அவன் அதற்குள் படுத்திருக்கும்போதே. கடற்கரை ரோட்டில் ஒரு நடை. திரும்பி வந்தால் வாழைத்தண்டுச் சாறு. மத்தியானம் லாரியில் டிபன் பாக்சைத் திறந்தால் பீட்ரூட், கேரட், அவரைக்காய் எல்லாம் அவனை நிமிர்ந்து பார்த்தன. சோறு ஓர் ஓரத்தில் பயந்துபோய் ஒதுங்கியிருந்தது. சாயந்திரம் பசிக்குக் கொய்யா. அவள் தட்டிலும் அதேதான், அவனைவிட ஒரு பிடி சோறு கம்மியாகவே இருந்தது. அதனால் சண்டை போடவும் வழி இல்லை.

அதெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான். எறா தொக்கை, அதாவது இறால் தொக்கை, நிறுத்தியதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பச்சையம்மா காத்திவாக்கத்துப் பெண். அவள் வைக்கும் எறா தொக்கில் எண்ணெய் ஓரமாகப் பிரிந்து மின்னும், வாசனை கீழ்த்தளம் வரைக்கும் இறங்கிப் போய் ஆட்களைக் கூட்டிவரும். அந்தத் தொக்குக்காகத்தான் கல்யாணமே பண்ணினேன் என்று தோஸ்துகளிடம் சொல்லியிருக்கிறான். இப்போது மாதம் ஒரு தடவை சுரைக்காய்க்கு நடுவில் எறா தலையைக் காட்டிவிட்டுப் போனது.

ஒருநாள் மத்தியானம் லாரி வரிசை அசையவே இல்லை. மண்ணாங்கட்டி அவரைக்காயை மென்றுகொண்டே தூங்கிப்போனான். கனவில் சட்டி நிறைய எறா. கை நீட்டும்போது பின்வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான். முழித்தவனுக்கு வயிறு எரிந்தாலும் புத்தியில் ஒரு பல்பு எரிந்தது. கனவுதான் வழி.

பச்சையம்மாவுக்குக் கனவென்றால் பயபக்தி. அதிலும் செத்தவர்கள் கனவில் வந்து பசி என்று சொல்லிவிட்டால், அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்காமல் அவளால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. படைத்ததை யார் சாப்பிடுவது? வீட்டில் இருக்கும் ஆம்பிளைதான். அவள் அப்பா வேறு வசதியாகப் போய்ச் சேர்ந்திருந்தார். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே எறா தடவிப் பிடித்தவர். பெண் ஒரு லாரிக்காரனை இழுத்துக்கொண்டு ஓடிப்போன நாளிலிருந்து மண்ணாங்கட்டி எதிரே வந்தால் அவர் பறியை வாயிலிருந்து எடுக்கவே மாட்டார், பேச வேண்டியிருக்குமே என்று. கடைசிவரை பேசாமலே போனார். இப்போது அவர் படம் டிவிக்கு மேலே சின்ன விளக்கோடு தொங்குகிறது. செத்த பிறகு மனுஷன் மனசு மாறியிருக்கக் கூடாதா என்ன என்று மண்ணாங்கட்டி தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் நடைக்கு எழுந்திருக்காமல், பாயில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்தான். பச்சையம்மா என்னவென்று கேட்டாள். தொண்டையைக் கம்மவைத்துக்கொண்டு சொன்னான்.

"உங்கப்பா வந்தாரு பச்ச. தண்ணியில நின்னுகினு, மாப்ள, வூட்ல எறா வாசனையே காணோமே, எனக்குப் பசிக்குது மாப்ளன்னு அழுவுறாரு."

பச்சையம்மா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "இன்னான்னு கூப்ட்டாரு?"

"மாப்ளன்னு. வாய் நெறைய."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவனும் இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் மாப்ள சேர்த்துச் சொன்னான். அன்றைக்கே அவள் எறாக்கார அங்கம்மாவிடம் ஓடினாள். படத்துக்கு முன்னால் இலை போட்டு, தொக்கு வைத்து, கற்பூரம் காட்டினாள். பிறகு மண்ணாங்கட்டி சாப்பிட்டான். அதைச் சாப்பாடு என்று சொல்வதே குறைவு. சாப்பிட்டு முடித்து மாமனார் படத்தைப் பார்த்து மனசார ஒரு கும்பிடு போட்டான், வாழ்க்கையில் முதல் தடவையாக.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த வாரம் மாமனார் மறுபடி வந்து, மாப்ளைக்கு முட்டி தேய்ஞ்சு போவுது, பனியில நடக்கவிடாதம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். பச்சையம்மா சரி என்றாள். மண்ணாங்கட்டி இழுத்துப் போர்த்திக்கொண்டு, அரசாங்க விடுமுறை கிடைத்தவன் மாதிரி தூங்கினான்.

அதற்கு மறுநாள் பாயில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்தது பச்சையம்மா.

"எங்கப்பா என் கனவுல வந்தாருய்யா," என்றாள். அவள் நிதானமாகச் சொன்னாள். அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். மாப்ளையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் காத்திவாக்கத்திலிருந்து நடந்தே வருகிறாராம், வயசான காலத்தில் முடியவில்லையாம். இனிமேல் மாப்ளைதான் அங்கே வர வேண்டுமாம். அவர் அஸ்தியைக் கரைத்த கழிமுகத்துக்கு, தினமும், விடியற்காலை. லாரியில் வரக் கூடாது, நடந்து வர வேண்டும். அப்புறம், எறா வேண்டவே வேண்டாமாம். உயிரோடு இருந்தபோது தின்றதெல்லாம் எறாதானே, அலுத்துவிட்டதாம். கொய்யா, பப்பாளி, சாத்துக்குடி என்று பழமாகக் கொண்டு வரச் சொன்னாராம்.

மண்ணாங்கட்டி வாயைத் திறந்தான். அவர் அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டார் என்று சொல்ல வந்தான். அப்படியானால் எறா கேட்டது மட்டும் எப்படி என்று அவள் கேட்பாளே. வாயை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. இருட்டு பிரிகிற நேரத்தில் புருஷனும் பெண்சாதியும் பழப்பையோடு கிளம்புவார்கள். கடலில் கப்பல்களின் விளக்கு வரிசையாக மிதக்கும். பனிக்குள் ரோடு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. மண்ணாங்கட்டி பாதித் தூக்கத்திலேயே நடப்பான், அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வருவாள். கழிமுகத்துக்குப் போய்ச் சேரும்போது வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மேகத்தில் தலையை விட்டுக்கொண்டு நிற்கும். எறா தடவுகிறவர்கள் தண்ணீரில் தலையும் தோளுமாகத் தெரிவார்கள். பழத்தை நறுக்கிக் கரையில் வைத்துக் கும்பிட்டு, படைத்ததை வீணாக்கக் கூடாது என்று இருவருமே தின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

மாதங்கள் போயின. அவன் பேன்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. தொப்பைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே காற்று புகுந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, சுகர் வாசற்படியை விட்டுத் தெருவுக்கே போய்விட்டது என்று சந்தோஷப்பட்டாள். அங்கம்மா தெருவில் பார்த்து, இன்னா மண்ணாங்கட்டி ஆள் பாதியா பூட்ட என்று கேட்டாள். ஆனால் மனசு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. செத்த மனுஷன் பேரில் பொய் சொல்லிவிட்டு, தினம் அவர் கரையிலேயே உட்கார்ந்து பப்பாளி தின்பது லேசான காரியமா?

ஒரு காலையில் கரையிலேயே உடைந்துவிட்டான். "பச்ச, உங்கப்பா என் கனவுல வரவே இல்ல. எறாவுக்கு ஆசப்பட்டு நான்தான் புளுவினேன்."

அவள் பப்பாளியில் விதையை வழித்துக்கொண்டே சொன்னாள். "தெரியும். எங்கப்பா செத்தாலும் உன்ன மாப்ளன்னு கூப்ட மாட்டாரு. லாரிக்காரன்னுதான் சொல்லுவாரு."

"தெரிஞ்சே எறா செஞ்சியா?"

"பொய்யா இருந்தா இன்னா. அந்த வார்த்தைய ஒரு தபாவாவது கேக்கணும்னு எவ்ளோ வருஷமா ஏங்கிகினு கீறேன் தெரியுமா. அதுக்கே உனக்கு எறா தகும்." ஒரு துண்டு பப்பாளியை அவன் கையில் வைத்தாள். "உனக்கு முன்னால பொறந்த புள்ளைங்க தங்கலைன்னு உங்கம்மா மண்ணாங்கட்டின்னு பேர் வெச்சு எமன ஏமாத்திச்சு. அந்தப் பேரு எத்தினி வருஷத்துக்குத் தாங்கும்? நீ லாரியில தூங்குறப்ப முழிப்பியோ மாட்டியோன்னு எனக்கு பயம்யா. மயில பாதியில வுட்டேன். உன்ன பாதியில வுட முடியுமா?"

மண்ணாங்கட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். திரும்பி வரும் வழியில்தான் இன்னொன்று உறைத்தது. அப்படியானால் அவள் கண்ட கனவு? கேட்டான். எனக்கு ஏதுய்யா கனவு, படுத்தா கட்டைதானே என்றாள். அப்படியென்றால் மாமனார் யாரையும் கூப்பிடவில்லை. நாளைக்கு நடக்க வேண்டியதில்லை. மெதுவாக அதையும் கேட்டான். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு நம்பவே முடியவில்லை. சந்தோஷமாகப் படுத்தான்.

விடியும் நேரத்தில் பனி அவனைச் சுற்றிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். எதிரே மாமனார், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். அவனையே பார்த்தார். பிறகு, உயிரோடு இருந்தவரைக்கும் செய்யாத காரியமாக, பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"டேய் லாரிக்காரா," என்றார். "மணி இன்னா ஆவுது? எம்பொண்ணு குட்த்தனுப்புற கொய்யாப்பழம் எங்கடா?"

மண்ணாங்கட்டி தூக்கிப்போட்டு எழுந்தான். ஜன்னலுக்கு வெளியே லேசாக வெளுத்திருந்தது. போர்வைக்குள் இனி படுக்க முடியாது என்று தெரிந்துபோனது. ஷூவை எடுத்து மாட்ட ஆரம்பித்தான். பச்சையம்மா கண்ணைத் திறக்காமலே, எங்கே கிளம்பிட்ட என்று கேட்டாள்.

"உங்கப்பா கூப்ட்டாரு பச்ச. இந்த தபா சத்தியமா."

"மாப்ளன்னா?"

"லாரிக்காரான்னு."

அவள் கண்ணைத் திறந்தாள். அப்பா படத்தைப் பார்த்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. அப்புறம் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நெஜமாவே எங்கப்பாதான். இனிமே உன்ன உசுப்ப அவரு கீறாரு, கொய்யா கூடையில கீது, நீ போய்ட்டு வா, நான் தூங்குறேன்."