சுபேதார் வாங்கிக்கொண்ட ஆரத்தித் தட்டுகள்

பூண்டி மாதா துணை

புளியக்குடி,
பூதலூர் வழி.

அன்புத் தங்கை ரோஸ்லினுக்கு, அண்ணன் அருள்சாமி ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் முழங்கால் நலமில்லை. அங்கே நாகப்பட்டினத்தில் நீயும், மகள் ஆஷ்லினும், அவள் வீட்டுக்காரரும், பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறானே என்று நினைப்பாய். உன் வீட்டுக்காரர் நம்பரோடு என் நம்பரையும் சேர்த்து பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய் என்று ஆஷ்லின் சொல்லிவிட்டாள். அவர் தப்புக்கு அவரை பிளாக் பண்ணினாய், சரி. என்னை எதற்கு? ஆகவே இதை எங்கள் பழைய டிப்போ கண்டக்டர் கண்ணுசாமி கையில் நாளைக்கு நாகப்பட்டினம் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு ஒரு வாய் காபி கொடு.

நீ மகள் வீட்டுக்குப் போகுமுன் கும்பகோணத்துக்கு என் வீட்டுக்கு வந்து அழுதபோது சொன்னதை நான் மறக்கவில்லை. "இருபத்து நாலு வருஷம் லடாக்கு, அஸ்ஸாம்னு போயிட்டாரு. மிலிட்டரில சுபேதாரா ரிட்டயர் ஆகி வந்த அன்னைக்கு, இனிமே உன்ன விட்டு எங்கயும் போவ மாட்டேன்னு கோயில்ல வச்சுச் சொன்னாரு. இப்ப மெட்ராஸ் சட்டசபைக்குப் போறேன்னு எலெக்‌ஷன்ல நிக்கறாரு. வாபஸ் வாங்குனாத்தான்ணே நான் அந்த வீட்டுப் படி ஏறுவேன்." உன் பக்கம் நியாயம் இருந்தது. நானும் ஒரே ஒரு மாற்று வேட்டியோடு பஸ் ஏறி, மாப்பிள்ளையைக் கையோடு வாபஸ் வாங்க வைத்துவிட்டு மறுநாளே திரும்பலாம் என்றுதான் வந்தேன். வந்து பார்த்தால் இங்கே புளியக்குடியில் உன் வீட்டு வாசலில் ரிட்டயர்ட் மிலிட்டரிக்காரர்கள் நாலைந்து பேர் வரிசையாக விறைத்து நிற்கிறார்கள், மாப்பிள்ளை அவர்களுக்கு வோட்டர் லிஸ்ட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "மச்சான், சரியான நேரத்துக்கு வந்தீங்க, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். வந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போட்டேன். போட்ட பிறகு பார்த்தால் நான் அவருடைய தலைமை ஏஜென்ட். தடுக்க வந்தவனையே கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். இதெல்லாம் மிலிட்டரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

ஏன் மாப்ளே உங்களுக்கு இந்த வேலை என்று அன்றைக்கே கேட்டேன். "வாய்க்காலைத் தூர் வாரச் சொல்லி எத்தனை வருஷமா மனு குடுக்கறேன். குடுக்கற பக்கம் நின்னது போதும் மச்சான். வாங்கற பக்கம் நின்னா என்ன ஆவுதுன்னு பாக்கறேன்" என்றார். இதற்கு ஒரு பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

பிரசாரத்தைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வேட்பாளர் என்றால் இரண்டு கையையும் கூப்ப வேண்டாமா? இவர் கை கூப்பப் போகும், பாதி வழியில் வலது கை மட்டும் தனியாகக் கழன்று நெற்றிக்குப் போய் சல்யூட் ஆகிவிடும். வீட்டுக்கு வீடு சல்யூட். திருப்பி சல்யூட் அடிக்கவேண்டுமோ என்று ஜனங்கள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்கள். மைக்கை என்னிடம் கொடுத்தார். முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கத்திய வாய், அது என் சொல்லையா கேட்கும்? "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று ஆரம்பித்தேன், கூட்டம் கொஞ்சம் நெருக்கியதும், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்று வந்துவிட்டது. ஜனங்களும் பழக்கதோஷத்தில் நகர்ந்து உள்ளே போனார்கள். உள்ளே என்றால் பக்கத்து வீட்டுக் கொல்லை.

இதெல்லாம் போகட்டும், தட்டு விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலையில் உங்கள் தெருவில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றது எதிர்வீட்டு அம்சம். மூன்று சுற்றுச் சுற்றி, பொட்டு வைத்து, வழக்கம்போலத் தட்டை அவர் முன்னால் நீட்டினாள். எதற்கு நீட்டுகிறாள் என்று ஊருக்கே தெரியும். தட்டில் எதையும் போடக்கூடாது என்ற தேர்தல் விதியை மாப்பிள்ளை வரிவரியாகப் படித்து வைத்திருக்கிறார். போடவும் முடியாது, நீட்டின தட்டுக்கு முன்னால் சும்மா நிற்கவும் முடியாது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, இரண்டு கையாலும் தட்டையே வாங்கிக்கொண்டு, "ஜெய் ஹிந்த்" என்று சொல்லி வேனுக்குள் வைத்துவிட்டார். அம்சம் திகைத்து நின்றாள். அடுத்தவள் பார்த்தாள், இந்தத் தேர்தலில் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவளும் கொடுத்தாள். அவள் கொடுத்ததைப் பார்த்து அதற்கடுத்தவள். நான் மைக்கில் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் தெருவில் இருந்த எவர்சில்வர் பாதி வேனுக்குள் வந்துவிட்டது. வேன் கிளம்பியதும் தட்டுகள் சரிந்து ஆரத்தித் தண்ணீர் முழுக்க அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டி, சட்டை ரத்தச் சிவப்பு. அதைத் தூரத்திலிருந்து எவனோ பார்த்து, சுபேதாரை வெட்டிவிட்டார்கள் என்று கிளப்பிவிட, பூதலூர் ரயில்வே கேட்டில் நாங்கள் நிற்கும்போது ஒருவர் மாலையோடு ஓடி வந்தார். உயிரோடு பார்த்ததும் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார்.

அதே கேட்டில் தேர்தல் பறக்கும் படையும் வந்து சேர்ந்தது. தமிழ்நிலா என்று ஒரு சின்ன வயது ஆபீசரம்மா, கூட ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோக்காரர். வேனைத் திறந்தார்கள். தட்டு தட்டாக அடுக்கியிருக்கிறது. "ஓட்டர்ஸுக்குக் குடுக்கவா?" என்று அந்தம்மா கேட்டது. மாப்பிள்ளை பொய் சொல்லுவாரா? "குடுக்க இல்லைங்கம்மா, அவங்ககிட்டேர்ந்து வாங்கினது" என்றார். அந்தம்மா கையிலிருந்த விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியது. வேட்பாளர் கொடுத்தால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. வேட்பாளர் வாங்கினால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. கடைசியில் தட்டுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. அதனால் வீடியோ எடுத்துக்கொண்டே பெயர் பார்த்து உரியவர்களிடம் ஒப்படைப்பது என்று முடிவானது.

ரோஸ்லின், அந்த ஊர்வலத்தை நீ பார்த்திருக்கணும். முன்னால் சர்க்கார் ஜீப், நடுவில் போலீஸ், பின்னால் நம்ம வேன். இவருக்கு இவ்வளவு பாதுகாப்பா என்று நேற்றுவரை கண்டுகொள்ளாதவர்கள்கூட வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆபீசரம்மா தட்டைத் திருப்பி, "சுகந்தி, இரண்டாயிரத்து ஒன்பது" என்று ரோல்கால் மாதிரிப் படிக்க, சுகந்தி வந்து வாங்க. ஒரு தட்டில் கொடுத்தவள் பேர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி பேர் இருந்தது. பல வருஷமாகக் காணாமல் போன தட்டாம். அங்கே நடந்த சண்டையைப் பறக்கும் படைதான் விலக்கிவிட்டது, அதுவும் வீடியோவில் இருக்கிறது. அம்சம் பேரில் மட்டும் தட்டு வரவில்லை. கேட்டதற்கு, "என்னுது வீட்லயே இருக்குங்க" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்கு நடுவில் மாப்பிள்ளைக்கு ஒரு கவலை. வாங்கின பாத்திரத்தை வெறுமனே எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட வேண்டாமா? ஆபீசரம்மாவுக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்க வீட்லயும் வெறுந்தட்டாக் குடுக்க மாட்டோம் சார். ஆனா ரூல்ஸ்ல..." என்று இழுத்து, மேலிடத்துக்கே போன் போட்டுக் கேட்டது. சர்க்கரை சிட்டிகையானாலும் சர்க்கரைதான், கூடாது என்று பதில் வந்தது. அப்போது தெருக்கோடி வீட்டு சகாயம்மாள் சொன்னாள்: "சரிங்க, சர்க்கர வேணாம். ஒரு வார்த்தையப் போட்டுக் குடுங்க. எங்க கடைசி வயலுக்கு இந்த வருஷமாச்சும் தண்ணி வருமா?"

எந்த வேட்பாளராவது இதற்கு யோசிப்பானா? வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகமாட்டானா? நான் பின்னாலிருந்து இடுப்பில் குத்துகிறேன். இவர், "தெரியலைங்கம்மா, வாய்க்காலப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார். என் உயிரே போய்விட்டது. சொன்னதோடு நிற்கவில்லை, தட்டை சகாயம்மாள் கையில் கொடுத்துவிட்டு, காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் இறங்கி அந்த வேகாத வெயிலில் நடக்க ஆரம்பித்தார். சகாயம்மாள் பின்னால் போனாள். தெருவே போனது. வேட்பாளரைக் கண்ணிலிருந்து விடக்கூடாதென்று பறக்கும் படையும் முள்ளுக்குள் நடந்தது. சாயங்காலம் சேறும் புழுதியுமாகத் திரும்பி வந்து, "ரோட்டுக்கு அடியில போற குழாய் அடைச்சிருக்கு. அதுக்கு மேல வர்ற தண்ணி அங்கேயே நின்னுடுது. நான் ஜெயிச்சாலும் தோத்தாலும் மேட்டூர் தெறக்கறதுக்கு முன்னாடி எடுத்துடலாம், ஆனா மண்வெட்டியோட நீங்களும் வரணும்" என்றார். சகாயம்மாள் சேலையில் ஒட்டியிருந்த முள்ளைத் தட்டிவிட்டாள். "இதுவரைக்கும் யாரும் தெரியாதுன்னு சொன்னதில்லீங்க" என்று சொல்லித் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நான் மைக்கை அணைத்து வைத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து வேனைக் கழுவும்போது அடியில் ஒரு தட்டு மிச்சம். திருப்பினால் ‘ரோஸ்லின்’ என்று வெட்டியிருக்கிறது. உன் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. யார் வீட்டுக்கோ இரவல் போயிருந்தது போல என்றேன். மாப்பிள்ளை அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஒவ்வொரு தடவ லீவு முடியறப்பவும் இந்தத் தட்டுலதான் மச்சான் சோறு போடுவா. ஒண்ணும் பேச மாட்டா. நான் சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். அவ பேச்சு எதையும் நான் கேட்டதே இல்ல, இத ஒண்ணாவது கேக்கறேன்." இன்றைக்கு மத்தியானம் வாபஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அந்தத் தட்டில் வைத்தார். "வெறுந்தட்டாக் குடுக்கக் கூடாது. இத ஆபீஸ்ல சேத்துட்டு, தட்ட அவகிட்ட குடுத்துடுங்க" என்றார்.

ஆகவே உன் ஜெயம்தான். நாளை மூன்று மணிக்குள் தஞ்சாவூரில் கொடுத்தாக வேண்டும். ஏஜென்ட் நானே கொண்டுபோய்க் கொடுக்கலாமாம். நாளைக் காலைப் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிடுகிறேன், நீ நிம்மதியாகப் பெட்டியைக் கட்டு. ஆஷ்லினுக்கும் வீட்டுக்காரருக்கும் என் ஆசீர்வாதம். பேரப்பிள்ளைக்கு மாமாத் தாத்தா முத்தம். வேளாங்கண்ணிப் பக்கம் போனால் என் முழங்காலுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. குடும்பத்தில் சமாதானம் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் என்றும் பாசமுள்ள அண்ணன்,
அருள்சாமி.

பின்குறிப்பு: மறுநாள் சாயங்காலம் எழுதுவது. மேலே எழுதியதில் தஞ்சாவூர் போவதாகச் சொன்னதை மட்டும் அடித்துவிட்டுப் படி. காலையில் தட்டையும் காகிதத்தையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் அம்சம். பைக்குள் தட்டைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குக் கொண்டுபோறீங்களா, கோச்சுக்கும்ங்க" என்றாள். ஏன் என்றேன். குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டாள்: "ஊருக்குக் கெளம்பறப்ப அக்காதாங்க அந்தத் தட்ட எங்கிட்ட குடுத்துச்சு. அவரு ஓட்டுக் கேட்டு வர்றப்ப மொத ஆரத்தி என் தட்டுலதான் சுத்தணும், கண்ணு படக் கூடாது, ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிச்சு."

என்னிடம் வந்து அத்தனை அழுகை அழுதாயே, ரோஸ்லின். சின்ன வயசிலிருந்து உன் வீம்பு இப்படித்தான். கோபத்தைக் கும்பகோணத்துக்குக் கொண்டுவந்தாய், ஆரத்தியை எதிர்வீட்டில் கொடுத்துவைத்தாய். கண்டக்டராக இருந்த இத்தனை வருஷத்தில் டிக்கெட் எடுத்த இடத்துக்கு முன்னாலேயே நான் இறங்கியதில்லை. இன்றைக்கு இறங்கினேன். எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்து மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு நேராக எழுந்து நின்று, தட்டுக்கு ஒரு சல்யூட் அடித்தார். கண்ணைத் துடைக்கத்தான் கை போனது என்று பிறகு என்னிடம் சாதித்தார், நான் நம்பவில்லை. அவர் இந்த முறை லடாக்குக்குப் போகவில்லை, வாய்க்கால் வரைக்கும்தான் போகிறார். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஜெயித்து மெட்ராஸுக்குப் போனால் நீயும் கூடப் போ, யார் வேண்டாம் என்றார்கள்.

மூன்று மணி தாண்டிவிட்டது. சின்னமும் கொடுத்துவிட்டார்கள், நகவெட்டி. சிரிக்காதே, மைக்கில் சொல்லவேண்டியவன் நான். உன் தட்டை நான் கொடுத்தனுப்ப மாட்டேன், நீயே வந்து வாங்கிக்கொள். வெறுந்தட்டு இல்லை, வாபஸ் காகிதம் அதிலேயே இருக்கிறது. இனிமேல் அது வடை வைத்துத் தின்னத்தான் ஆகும். வரும்போது வாக்காளர் அட்டையை மறக்காதே.