முடிவை முதலில் கேட்ட மூணாம் நம்பர் அக்கா

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கும் அத்தனை போலீஸ்காரர்கள் சேர்ந்தாலும் தடுக்க முடியாத ஒரு கூட்டத்தை, ஒற்றை ஆளாகத் தடுத்து நிறுத்தியவர் மூணாம் நம்பர் அக்கா. ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. குழந்தைகள் ஐ.சி.யூ.வுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் போட்ட ஒரு ஹால். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. உள்ளே பிள்ளை படுத்திருக்கும் பெட் நம்பர்தான் பெயர். என் ஆறு வயது மகள் யாழினிக்கு டெங்கு. அதனால் நான் ஏழாம் நம்பர். அக்காவின் பையன் மூணாம் நம்பர் பெட்டில், மூளைக்காய்ச்சலில் வென்டிலேட்டரில் கிடந்தான். செக்யூரிட்டி கதவைத் திறந்து ஒரு நம்பரைக் கூப்பிட்டால் ஹால் முழுக்க மூச்சு நின்றுவிடும். பெரும்பாலும் மருந்துச் சீட்டு கொடுக்கத்தான் கூப்பிடுவார். ஆனாலும் இன்றைக்கும் வங்கியில் டோக்கன் ஏழு என்று கூப்பிட்டால் சட்டென்று எழுந்திருக்க முடிவதில்லை.

அக்காவுக்குப் பம்மலில் இஸ்திரி வண்டி. கசங்கிய துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. பக்கத்தில் உட்காருபவரின் முந்தானையோ துப்பட்டாவோ, உள்ளங்கையால் நீவ ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் செக்யூரிட்டியின் காலரையே பிடித்து நீவினார். பாவம், அவர் சலூனில் உட்கார்ந்த மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

யாழினியைச் சேர்த்த மறுநாள் என் கணவரின் சித்தி வந்தார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், ஒரு டப்பா பப்பாளி இலைச் சாறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க கோவிலம்பாக்கத்துல பக்கத்து ஃப்ளாட் பொண்ணும்மா. இதே வயசு, இதே டெங்கு..."

அடுத்த நாற்காலியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"யம்மா, இரு. கதை அப்பால. முடிவு இன்னா?"

"என்னது?"

"அந்தப் பொண்ணு இப்ப நல்லா கீதா, இல்லியா? அத்த மொதல்ல சொல்லு."

சித்தி விழித்தார். மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தக் கதை வாணாம். நல்லா ஆன கதை எதுனா வச்சிருந்தா சொல்லு. இல்லாங்காட்டி ஆப்பிள வச்சிட்டு கெளம்பு."

சித்தி ஆப்பிளை வைத்தார், கிளம்பினார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தைரியம் வராத ஒரு காரியத்தை அக்கா அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

அதன் பிறகு அதுவே அந்த ஹாலின் சட்டமானது. மறைமலை நகர் ஃபேக்டரியில் என் கணவரோடு வேலை பார்க்கும் நண்பர் வந்தார். "எங்க மாமா பையனுக்கும் இதே மாதிரிதான் சிஸ்டர்" என்று தொடங்கியவர், அக்கா முறைத்ததும், "நல்லாயிட்டான்க்கா, இப்ப காலேஜ் படிக்கிறான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அக்கா தலையாட்டிய பிறகே கதை தொடர்ந்தது. இன்னொரு பெரியவர், பிள்ளை நல்லாயிட்டான் என்று அக்காவிடம் பொய் சொல்லிக் கதையை ஆரம்பித்துவிட்டார். கதை சுவாரஸ்யத்தில் தன்னை மறந்து, "பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட அவங்க அப்பா வரலையே" என்று உளறினார். "நல்லா ஆன புள்ளைக்கு இன்னாத்துக்குய்யா காரியம்?" என்று அக்கா கேட்டதும் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படிக்கட்டில் இறங்கி ஓடினார். நான் சிரித்தேன். உள்ளே பிள்ளை கிடக்கும்போது சிரிக்கிறோமே என்று உடனே பயந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் செக்யூரிட்டி ஏழாம் நம்பரைக் கூப்பிட்டார். இந்த முறை மருந்துச் சீட்டு இல்லை. இளம் டாக்டர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"ரத்தக் குழாயிலேர்ந்து தண்ணி லீக் ஆகுதும்மா. பிரஷர் இறங்கிட்டே இருக்கு. நாளைக்கு வரைக்கும் ரொம்ப கிரிட்டிக்கல்."

அவர் மேலும் ஏதேதோ விளக்கினார். எதுவும் என் காதில் ஏறவில்லை. என் கணவர் பெருங்களத்தூர் டிராபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். என் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சார், அதெல்லாம் அப்பால. முடிவு இன்னா, அத்த மொதல்ல சொல்லு சார்."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். "முடிவு எனக்கே தெரியாதும்மா. பார்த்துட்டிருக்கோம்."

அவர் உள்ளே போனார். யாரிடமும் வாயடைத்துப் போகாத அக்கா, மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பையனைப் பற்றியும் தினமும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது யாழினி கழற்றிப் போட்ட ஃபிராக் வீட்டில் அழுக்குக் கூடையில் கிடந்தது. அதைத் துவைக்கலாமா, துவைத்தால் அவள் வாசனை போய்விடுமே என்று என் மனம் கண்டதையும் நினைத்தது. கையிலிருந்த துப்பட்டாவைக் கசக்கிக்கொண்டே இருந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அதன் மறுமுனையை என் மடியில் விரித்து நீவத் தொடங்கினார். நான் கசக்கக் கசக்க அவர் நீவினார். என் கணவர் வந்து சேரும்வரை இதுவே நடந்தது.

மறுநாள் பிரஷர் நிலைத்தது. அதற்கடுத்த நாள் யாழினியை வார்டுக்கு மாற்றினார்கள். அக்காவிடம் சொல்லப் போனபோது மூணாம் நம்பர் பையன் இன்னும் வென்டிலேட்டரில்தான் இருந்தான். எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

"போ, போ. திரும்பிப் பாக்காத போயிகினே இரு" என்று அக்கா என்னை முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

போன் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் முடிவைக் கேட்க வேண்டுமே.

பல மாதங்கள் கழித்து, பல்லாவரம் சிக்னலில் நின்றிருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டின் எதிர்ப்பக்கம் அக்கா. தலையில் துணிமூட்டை. தனியாக. கூடப் பையன் இல்லை. பக்கத்தில் நின்றவருக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். பஸ் ஹாரன்களுக்கு மேலே அந்தக் குரல் எழும்பியது.

"ஏழாம் நம்பரே, நல்லா கீறான். ஸ்கூலுக்குப் போய்கீறான். கதைய அப்பால சொல்றேன், அங்கியே நில்லு."

சிக்னலாவது ஒன்றாவது. ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாம்பரம் போகும் பஸ்களையெல்லாம் நிறுத்தியபடி அக்கா ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே என் துப்பட்டாவைப் பார்த்தேன். அன்று காலையில்தான் இஸ்திரி போட்டது. அவர் வந்து சேர்வதற்குள் அதன் ஒரு முனையை நன்றாகக் கசக்கி வைத்துக்கொண்டேன்.