கீழாநெல்லி முசேயின் மஞ்சள் கண்

எங்கள் உப்பளம் பேட்டையில் கீழாநெல்லி முசேயின் விரல் படாத கண் இமையே கிடையாது. 'முசே' என்பது எங்கள் ஊரில் மிச்சமிருக்கும் பிரெஞ்சு மரியாதை. கீழாநெல்லி அவராகச் சம்பாதித்தது. எங்கள் ஆபீசில் சீனியர் கிளார்க். யார் உள்ளே நுழைந்தாலும் வணக்கத்துக்கு முன்னால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். "மஞ்சளா இருக்குது, வா" என்று பின்பக்க வேலியோரம் முளைத்த கீழாநெல்லியைப் பிடுங்கி மோரில் அரைத்துக் கொடுப்பார். காமாலை மருந்தை முழங்கால் வலிக்கும் குடித்தவர்கள் நாங்கள். ஆடிட்டுக்கு வந்த அதிகாரியும் ஒரு டம்ளர் குடித்தார். மறுநாள் அவர் வரவில்லை.

முசேக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஆபீசே அழுதது. அவர் அழவில்லை. "கேன்சர டாக்டர் பாத்துக்கட்டும். மத்தத நான் பாத்துக்கறேன்" என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்.

அந்தப் பிரிவினைதான் வம்பாயிற்று. சிகிச்சை நடக்கும்போதே ஒருநாள் அவர் கண் மஞ்சளாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தவருக்கு ஏகக் குஷி.

"காமாலைய்யா! இது என் டிபார்ட்மெண்ட்டு."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாமே முசே?" என்றேன்.

"அவருக்கு இன்னா தெரியும்?"

பத்தியம், மோர், கீழாநெல்லி. மஞ்சள் குறையவில்லை, உதடு வெளுத்தது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று என் காதில் மட்டும் சொன்னார். அப்போதே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"ஈரல் நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "இந்த கேன்சர்ல சில பேருக்கு உடம்போட எதிர்ப்புச் சக்தியே சிவப்பணுவ உடைச்சிடும். உடைஞ்சதுதான் கண்ணுல மஞ்சளாத் தெரியுது. ரத்தம் ரொம்பக் கொறஞ்சிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் மோர் குடிச்சிக்கினு இருந்திருந்தா..." என்றபடியே ரத்தத்துக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

ஏற்றலாமென்றால் பொருந்துகிற ரத்தம் லேசில் அமையவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டு கேட்குமா, கேட்காதா, யாருக்கும் தெரியவில்லை. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து முசே, "பயமா..." என்றார். மூச்சு வாங்கினார். "...இருக்குதுய்யா." ஊருக்கே வைத்தியம் சொன்ன வாய் அது. வார்டு வாசலில் உட்கார்ந்து பிள்ளையாரையும் மாதாவையும் பேதமில்லாமல் வேண்டிக்கொண்டேன்.

அப்படியே சில நாள் போயிற்று. ஒருநாள் காலை பயந்துகொண்டே முசேயின் கட்டிலை எட்டிப் பார்த்தேன்.

"யோவ், எழவு வூட்டுக்கு வந்த மாரி ஏன்யா மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு நிக்கற, சவரம் பண்ணல, சட்ட மாத்தல, நம்ம ரெண்டு பேருல யாரு நோயாளின்னு நர்சுக்கே சந்தேகம் வந்துடப்போவுது!"

அத்தனையும் ஒரே மூச்சில். நடுவில் எங்கும் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.