மஞ்சள் பூசிய முந்நூறு பைகள்

உலகத்தைத் திருத்தப் புறப்படுகிறவன் சொந்த அக்காவின் கலியாணத்தில் அதைத் தொடங்கக் கூடாது. இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஆனாலும் கடைசியில் வென்றது நான்தான் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் பாதியிலேயே என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துமூன்று வயது. ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் அம்மா, அக்கா, நான் மூவரும் இருந்தோம். எனக்கு வேலை பக்கத்து நகரமான பிறம்ரனில், பிளாஸ்ரிக் பை செய்யும் ஒரு தொழிற்சாலையில். நாள் முழுக்கப் பைகளை எண்ணி, அடுக்கி, பெட்டியில் போடுவேன். மாலையில் ஆங்கில வகுப்பு. ஒருநாள் அங்கே ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு கடலாமை பிளாஸ்ரிக் பையைத் தின்றுவிட்டு மூச்சுத் திணறியது. அந்தப் பை நான் என் கையால் அடுக்கி அனுப்பியதுதான் என்று எனக்கு அந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது. (ரொறன்ரோவில் கடலே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

அன்றிலிருந்து வீட்டில் தினமும் பிரசங்கம். பிளாஸ்ரிக் எத்தனை தலைமுறை போனாலும் மண்ணில் உக்காது, குப்பை மேட்டில் அப்படியே கிடக்கும் என்று சோற்றில் கை வைக்க முதலே தொடங்கிவிடுவேன்.

"ஆமைக்கு அழுறாய், பெத்த தாய்க்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தரமாட்டாய்" என்பாள் அம்மா.

இந்த நிலையில்தான் அக்காவுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளையின் தாயார் முறை, சம்பிரதாயம் பார்க்கிற ஆள். நிச்சயதார்த்தத்தன்று குத்துவிளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மூன்று தரம் திருத்தியவர். எங்கள் ஊர்ப் பழக்கவழக்கங்களில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

கலியாணத்தில் எனக்குக் கொடுத்த பொறுப்பு பலகாரப் பை. விருந்தினர் சாப்பிட்டு வெளியேறும்போது ஆளுக்கொரு பையில் பயற்றம் பணியாரமும் அரியதரமும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து அனுப்புவது வழக்கம். சிறிய வேலை என்று நினைக்காதீர்கள். தாலி கட்டுவதைப் பார்க்காமல் போகிறவர்கள் உண்டு. பை வாங்காமல் போகிறவர்கள் இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் தொழிற்சாலையில் சோள மாவில் ஒரு புதுவகைப் பை செய்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். மண்ணில் போட்டால் சில மாதங்களில் உக்கிவிடுமாம். மேற்பார்வையாளரிடம் கெஞ்சி முந்நூறு வாங்கினேன். ஈரம் மட்டும் படக் கூடாது என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் தலையாட்டினேன். ஆனி மாதக் கலியாணம், மண்டபத்துக்குள் எங்கே மழை பெய்யப் போகிறது?

பையைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறியது. "உதென்னடா சாம்பல் நிறத்தில கிடக்கு? செத்த வீட்டுக்குக் குடுக்கிற மாதிரி."

"சோளத்தில செய்ததம்மா."

அப்பாவின் தம்பியானாலும் எப்போதும் அம்மா பக்கமே பேசும் சித்தப்பா ஒரு பையை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். "தம்பி, உது தாங்காது. நான் நல்ல பிளாஸ்ரிக் பையா எடுத்துத் தாறன்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "ஒரு பிளாஸ்ரிக் பைகூட அந்த மண்டபத்துக்குள்ள வராது சித்தப்பா. வந்தா, பிறகு சாகுமட்டும் பையைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டன்."

"அப்ப வரட்டும்" என்றாள் அம்மா உடனே.

அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீ எதையும் செய். ஆனா மாமிக்கு முன்னால என்னை வெக்கப்படுத்திப் போடாதை. நான்தான் அங்க போய் இருக்கப் போறன்." எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

பை மங்களமாக இல்லை என்பதுதானே குறை? புது உடுப்புக்கும் கலியாணக் கடிதத்துக்கும் மூலையில் மஞ்சள் பூசுவதில்லையா? கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். முந்நூறு பைக்கும், நாலு மூலைக்கும், ஒன்றுவிடாமல் தாராளமாகப் பூசினேன். ஈரம் காயமுதலே கட்டுக் கட்டாக அடுக்கியும் வைத்தேன். மண்டபத்துக்குள் பெய்யாத மழையை என் சுண்டுவிரலால் நானே பெய்வித்த விஷயம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் ஸ்காபரோவில் ஒரு மண்டபம். தாலி கட்டியாகிவிட்டது. பந்தி முடிந்தது. நான் பட்டு வேட்டியும் சால்வையுமாக வாசலில் நின்று முதல் பையை ஒரு பெரியவரிடம் நீட்டினேன். அவர் மூன்று அடி நடந்தார். தொப் என்று ஒரு சத்தம். பையின் மேல்பாதி அவர் கையில் அப்படியே இருந்தது. அடிமூலை இரண்டும், சரியாக நான் மஞ்சள் பூசிய இடத்தில், கூழாகிப் போயிருந்தன. பயற்றம் பணியாரங்கள் உருண்டு ஓடின. வாசலில் கழற்றிவிட்டிருந்த இருநூறு சோடிச் சப்பாத்துகளுக்குள் அவை ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

இரண்டாவது பையும் தொப். மூன்றாவது, என் கையிலேயே தொப்.

சித்தப்பா எங்கிருந்தோ வந்து காதுக்குள் சொன்னார். "கார் டிக்கியில முந்நூறு பிளாஸ்ரிக் பை கிடக்கு. கொண்டரட்டோ?" மனிதர் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்! மகளுக்கே கலியாணம் நடந்த மாதிரி அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

நான் பதில் சொல்லுமுன் எதிரே மாமி வந்து நின்றார். மணவறையிலிருந்து அக்கா கழுத்தை எட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் ஏந்தி ஒரு பையை நீட்டினேன். அது அவர் கைக்குப் போகுமுன்னே வாயைப் பிளந்தது. நான் தோளில் கிடந்த சால்வையை உருவி, விரித்து, விழுந்த பலகாரத்தை அந்தரத்திலேயே ஏந்திவிட்டேன். (பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் ஒரு பந்தைக்கூட நான் பிடித்ததில்லை.)

"என்ன தம்பி இது?" என்றார் மாமி.

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "இது எங்கட முறை, மாமி. பையைக் கிழிச்சு, பலகாரத்தைச் சீலைத் தலைப்பில வாங்கிறது. பொம்பிளை வீட்டு வாசல்ல முதல்ல மாப்பிள்ளையின்ர தாய்தான் வாங்கோணும். உங்கட பக்கத்தில இந்தப் பழக்கம் இல்லையோ?"

சித்தப்பா வாயைத் திறந்தவர் மூடவில்லை. மாமி என்னை உற்றுப் பார்த்தார். பொய் என்று அவர் ஒரு சொல் சொன்னால் அக்காவின் கதி என்ன?

"இல்லாமலென்ன?" என்றார் மாமி. குரலில் சற்றுக் கோபம்கூட இருந்தது. "எங்கட அம்மம்மா காலத்தில எல்லாக் கலியாணத்திலயும் உதுதானே! இங்க வந்த சனம்தான் எல்லாத்தையும் மறந்து போச்சுது."

சொல்லிக்கொண்டே முந்தானையை அகல விரித்தார். நான் பணியாரத்தைச் சொரிந்தேன். அவர் திரும்பி, பின்னால் நின்ற பெண்களை அதட்டினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? தலைப்பைப் பிடியுங்கோ!"

அவ்வளவுதான். காஞ்சிபுரம், மணிப்புரி, நைலெக்ஸ் என்று முந்தானைகள் வரிசையாக விரிந்தன. ஆண்கள் சால்வையை விரித்தார்கள். கோட் சூட்டோடு வந்த ஒருவர் கோட்டையே கழற்றி ஏந்தினார். இப்போது நானே ஒவ்வொரு பையையும் எல்லோரும் பார்க்கக் கிழித்து, மந்திரம் தெரிந்தவன் மாதிரி நிதானமாகப் பலகாரம் போட்டேன். வீடியோக்காரர் எதையும் தவறவிடவில்லை. மணவறையில் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பிளாஸ்ரிக் பைகூட உள்ளே வராமல் முந்நூறு பேர் வெளியே போனார்கள். அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அந்த மண்டபக் கதவு போதாது.

உண்மை தெரிந்தது எங்கள் வீட்டில் நாலு பேருக்குத்தான். கூடினால் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்போம், மாமி இல்லாத இடமாகப் பார்த்து. மாமியோ தன் சொந்தக்காரர் கலியாணங்களிலெல்லாம் வாசலில் நின்று அந்த முறையை நடத்தி வைக்கத் தொடங்கிவிட்டார். அப்படியே அது பிறம்ரன் வரைக்கும் பரவிவிட்டது.

போன வருடம் அக்காவின் மகளுக்குக் கலியாணம். ரொறன்ரோவில் பிறந்தவள். வாசலில் நின்று பலகாரம் கொடுத்தவளும் அவள்தான். நான் சும்மா கையை நீட்டியதும் அவள் முகம் சுருங்கியது.

"மாமா, ஹாண்ட்ல வாங்கக் கூடாது! சால்வையை விரியுங்கோ. இட்ஸ் லைக், ஆயிரம் வருஷத்துப் பழக்கம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையா?"

பின்னால் நின்ற அக்கா என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பணிவோடு சால்வையை விரித்தேன்.